பூவில் எடுத்தால்தான் உயர்ந்த சென்ட்டா?

நம்பிக்கை: விலையுயர்ந்த சென்ட் அசல் பூவிலிருந்து எடுத்தது, 'கெமிக்கல்' கலந்தது மட்டரகம்.

உண்மை: உயர்ரகம் என்று உலகம் கொண்டாடும் பிரெஞ்சு சென்ட்டை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்ததே வேதியியல்தான். காய்ந்த புல்லின் இனிய வாசம் கொண்ட கூமரினை 1868இல் வில்லியம் பெர்கின் ஆய்வுக்கூடத்தில் தயாரித்தார். அதைச் சேர்த்து 1882இல் ஊபிகான் நிறுவனம் வெளியிட்ட 'ஃபூஜேர் ரோயால்' ஒரு வாசனைக் குடும்பத்துக்கே பெயர் தந்தது. கெர்லான் நிறுவனத்தின் 'ஜிக்கி'யில் (1889) கூமரினோடு செயற்கை வெனிலினும் சேர்ந்தது. 1921இல் எர்னஸ்ட் போ உருவாக்கிய ஷனேல் நம்பர் 5இல் பிரான்ஸின் கிராஸ் நகரத்து மல்லிகையும் உண்டு, ஆல்டிஹைடுகள் என்னும் செயற்கைப் பொருள்களும் உண்டு. பூ மணத்துக்குப் பளிச்சிடலைக் கொடுத்தவை ஆல்டிஹைடுகளே.

பூவின் சாறு கிடைக்கும்போது செயற்கை எதற்கு என்று கேட்கலாம். எல்லாப் பூவும் சாறு தருவதில்லை. சின்னச் சின்ன வெள்ளை மணிகளாய்த் தொங்கும் லில்லி ஆஃப் தி வேலி பூவிலிருந்து சென்ட்டுக்கு உதவும் எண்ணெய் எடுக்க முடிவதில்லை. சென்ட் வடிவமைப்பாளர் எட்மண்ட் ருத்னிட்ஸ்கா அந்தச் செடியைத் தோட்டத்தில் வளர்த்து முகர்ந்து பார்த்துப் பார்த்து, வேறு பொருள்களைக் கொண்டு 1956இல் 'டியோரிஸ்ஸிமோ' சென்ட்டில் அதன் மணத்தை எழுப்பினார். கஸ்தூரி கதை வேறு: மானைக் கொன்று எடுத்த மணத்துக்குச் செயற்கைப் பொருள் வந்ததை யாரும் தரக்குறைவு என்று சொல்ல முடியாது.

இயற்கையானது தோலுக்குத் தீங்கு செய்யாது என்ற வாதமும் நிற்காது. நம் சமையலறைக் கல்பாசிக்கு உறவான ஓக்மாஸில் இயல்பாகவே உள்ள அட்ரனால், ஒவ்வாமை காரணமாக ஐரோப்பிய ஒன்றியத்தில் தடைசெய்யப்பட்டது. பெர்கமாட் எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் புண்ணாகலாம். அதற்குக் காரணமான பொருளை நீக்கிய பிறகே பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள்.

அப்படியானால் மல்லிகைச் சாறு ஏன் அவ்வளவு விலை? ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 600 கிலோ பூ வேண்டும். அத்தனையும் கையால் பறித்தாக வேண்டும். கோவை, மதுரை, திண்டுக்கல் வட்டாரப் பூக்களின் சாறும் வெளிநாட்டு சென்ட் நிறுவனங்களுக்குப் போகிறது. நூற்றுக்கணக்கான சேர்மங்கள் கலந்த அதன் செழுமையை ஒற்றைச் செயற்கைப் பொருளால் தர முடியாது என்பது உண்மைதான். ஆனால் அந்த விலை உழைப்புக்கானது. சென்ட்டின் தரத்துக்கு அளவுகோல் அல்ல. 2006இல் வந்த 'மாலிக்யூல் 01' என்ற 'நீஷ்' (சிறு ரசிகர் வட்டத்துக்கான) சென்ட்டின் வாசனை முழுக்க 'ஐசோ ஈ சூப்பர்' என்னும் ஒரே செயற்கைப் பொருள். தயாரித்தவர்கள் அதை ஒளிக்கவில்லை. 'மூலக்கூறு' என்று பெயரிலேயே சொல்லித்தான் விற்றார்கள்.