விதியை எப்போது எழுதினார்கள்?

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்டெர்லிங்குக்குப் படிக்கப்போன ஒரு வருடத்துக்குள் பக்கத்து ஊர்க் கால்பந்துக் கிளப்பான ஃபால்கிர்க்கின் ரசிகையாகிவிட்டாய் என்பது எழுத்திலேயே தெரிகிறது. கொரோனா வந்த 2019-20 பருவத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதப்போவதாகவும், “ஒரே ஒரு புள்ளியில் ஃபால்கிர்க்குக்கு அநியாயம் செய்துவிட்டார்கள்” என்று அதைத் தொடங்கப்போவதாகவும் சொல்லியிருக்கிறாய். கோபம் நியாயமானதுதான். ஆனாலும் அந்த வரியில் தொடங்க வேண்டாம் என்பது மாமாவின் யோசனை.

2020 மார்ச் 13-ல் ஸ்காட்லாந்தில் கால்பந்து நின்றபோது, மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னில் ரெய்த் ரோவர்ஸும் ஃபால்கிர்க்கும் தலா 28 ஆட்டம் ஆடியிருந்தன. ரெய்த் 53 புள்ளி, ஃபால்கிர்க் 52. மீதி எட்டு ஆட்டங்கள் நடக்கவே இல்லை. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை புள்ளி என்று வகுத்துப் பார்த்து ரெய்த்தைச் சாம்பியனாக அறிவித்தார்கள். அதற்கு மேலடுக்கான சாம்பியன்ஷிப்பில் பார்ட்டிக் திஸிலுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. 27 ஆட்டத்தில் 26 புள்ளி எடுத்திருந்தது. அதற்கு மேலே இருந்த குயின் ஆஃப் தி சவுத் 28 ஆட்டத்தில் 28. கையில் ஓர் ஆட்டம் மிச்சமிருந்த அணியைத்தான் கீழே இறக்கினார்கள். ஆக, அநியாயத்துக்கு ஆளானவர்களின் பட்டியலில் ஃபால்கிர்க்குக்கு முன்னால் வேறு பெயர்கள் வரவேண்டும்.

இன்னும் கீழே போ. நான்காம் அடுக்கில் கடைசி இடத்தில் இருந்தது பிரீக்கின் சிட்டி. மைதானத்தின் ஒரு பக்கம் சுவருக்குப் பதிலாக நெடுக உயரமான பீச் மர வேலி இருக்குமே, கிளீப் பார்க், அந்தக் கிளப்தான். வழக்கமான வருடமாக இருந்திருந்தால் ஹைலேண்ட் லீக் சாம்பியனும் லோலேண்ட் லீக் சாம்பியனும் மோதி, ஜெயித்தவர் பிரீக்கினோடு பிளே-ஆஃப் ஆடியிருப்பார்கள். அந்த வருடம் அது ரத்தானது. பிரோரா ரேஞ்சர்ஸும் கெல்டி ஹார்ட்ஸும் தங்கள் லீக்குகளில் சாம்பியனாகியும் வாசலிலேயே நின்றன. பிரீக்கின் தப்பியது. ஃபால்கிர்க்கின் வழியை மறித்த அதே தீர்மானம்தான் பிரீக்கினைக் காப்பாற்றியது என்பதை நீ மறக்கக்கூடாது.

இனி, பருவத்தை அத்தோடு முடித்த அந்தத் தீர்மானத்துக்கு வா. உன் ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது. முடிவெடுத்தது எங்கோ உட்கார்ந்திருந்த அதிகாரி அல்ல. 42 கிளப்களும் ஓட்டுப் போட்டன. முதல் அடுக்கான பிரீமியர்ஷிப்பின் 12-ல் 9, சாம்பியன்ஷிப்பின் 10-ல் 8, கீழ் இரண்டு அடுக்குகளின் 20-ல் 15 ஓட்டு வேண்டியிருந்தது. சாம்பியன்ஷிப்பில் எல்லாம் டண்டி கிளப்பின் ஒரே ஓட்டில் வந்து நின்றதும், முதலில் அனுப்பிய ‘வேண்டாம்’ ஓட்டு உரிய இடத்துக்குப் போய்ச் சேராமல், சில நாள் கழித்து அது ‘வேண்டும்’ என்று மாறியதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. பத்திரிகைகள் அதைத்தான் பக்கம் பக்கமாக எழுதின. நான் அதைவிட முக்கியமாக நினைப்பது வேறு. பருவத்தை முடிப்பதும், பருவ இறுதியில் கிளப்களுக்குச் சேரவேண்டிய பணத்தைப் பிரித்துக் கொடுப்பதும் ஒரே தீர்மானத்தில் சேர்ந்திருந்தன. இடங்கள் உறுதியானால்தான் பணம் என்றது லீக் நிர்வாகம்.

கீழடுக்குக் கிளப் ஒன்றின் நிலையில் நின்று இதை யோசித்துப் பார். ஆட்டக்காரர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, வாரத்தில் இரண்டு மாலை பயிற்சிக்கு வருகிறவர்கள். டி.வி. பணம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. வாசலில் விற்கும் டிக்கெட், இடைவேளையில் விற்கும் ‘பை’ பலகாரம், குலுக்கல் சீட்டு, உள்ளூர்க் கடைகளின் விளம்பரப் பலகை, இவ்வளவுதான் வரும்படி. வாசலைப் பூட்டினால் மறுவாரமே கை முடங்கிவிடும். அந்த நேரத்தில் பணத்தையும் நியாயத்தையும் ஒரே முடிச்சாகக் கட்டி நீட்டி, “சம்மதமா?” என்று கேட்டால் என்ன பதில் வரும்? சம்மதம் சொன்ன கிளப்களைத் துரோகி என்று எழுதிவிடாதே. முடிச்சுப் போட்டதைக் கேள்வி கேள்.

அதோடு, சராசரிப் புள்ளியை வைத்து இடங்களை முடிவுசெய்த அந்த விதி எப்போது எழுதப்பட்டது என்றும் கேள். யார் முதலிடம், யார் கடைசி என்று பட்டியல் கண்முன் கிடக்கும்போது விதி எழுதினால், ஒவ்வொரு ஓட்டும் தன் இடத்தைப் பார்த்துத்தான் விழும். அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல, தம் கிளப்பைக் காப்பது அவர்களின் கடமை என்பதால். பிரீமியர்ஷிப்பிலிருந்து இறக்கப்பட்ட ஹார்ட்ஸும் பார்ட்டிக் திஸிலும் நீதிமன்றம் போயின. வழக்கு நடுவர் மன்றத்துக்குப் போய், ஜூலை மாதம் அங்கே தோற்றது. சட்டப்படி சரி என்ற தீர்ப்பு நியாயம் நடந்தது என்பதற்குச் சான்றாகாது என்பது என் கருத்து.

அடுத்த பருவத்தையும் சேர்த்துப் படி. பிரீமியர்ஷிப்புக்குக் கீழே உள்ள அடுக்குகளை 2020 அக்டோபரில் 27 ஆட்டம் என்று குறைத்துத் தொடங்கினார்கள். 2021 ஜனவரி 11-ல் சாம்பியன்ஷிப்புக்குக் கீழே எல்லாம் மறுபடி நின்றது. மேல் இரண்டு அடுக்குகள் கொரோனா பரிசோதனை செய்துகொண்டு ஆடின. அந்த வசதி கீழே இல்லை. மார்ச்சில் தொடங்கியபோது 22 ஆட்டம் என்று மறுபடியும் சுருக்கினார்கள். அந்த மார்ச்சில்தான் பிரோரா தன் மண்ணில், ஸ்காட்டிஷ் கோப்பையில், ஹார்ட்ஸை 2-1 என்று வீழ்த்தியது. முந்தைய வருடம் கதவடைக்கப்பட்ட இரண்டு கிளப்கள் எதிரெதிரே ஆடிய ஆட்டம் அது! மே மாதம் கெல்டி பிளே-ஆஃப்பில் ஜெயித்து உள்ளே வர, பிரீக்கின் லீக்கைவிட்டே வெளியேறியது. பார்ட்டிக் திஸில் லீக் ஒன்னை வென்று ஒரே வருடத்தில் மேலே திரும்பியது. ஃபால்கிர்க் ஐந்தாவதாக முடித்தது. உன் அணி ஒரு தோல்விகூட இல்லாமல் லீக் ஒன்னை வெல்ல 2024 வரை ஆனது. அடுத்த வருடமே சாம்பியன்ஷிப்பையும் வென்று பிரீமியர்ஷிப்புக்குப் போனது. ரசிகையாக நீ இதைக் கொண்டாடு. ஆய்வில் மட்டும் இதை ஆறுதலாகக் காட்டாதே. 2020-ல் எடுத்த முடிவு சரியா தவறா என்பதற்கு 2025-ன் வெற்றி பதில் ஆகாது.

படிப்பு முடிந்து நாளை நீயே ஏதாவது ஒரு லீக்கின் நிர்வாகத்தில் உட்காரலாம். பருவம் பாதியில் நின்றால் என்ன செய்வது, எத்தனை ஆட்டம் முடிந்திருந்தால் பட்டியல் செல்லும், ஏறுவது இறங்குவது எப்படி, பணம் எப்போது யாருக்கு, இவை எல்லாவற்றையும் முதல் ஆட்டத்துக்கு முன்னால், எல்லோரும் பூஜ்யத்தில் நிற்கும்போதே எழுதிவை. பணத்துக்குத் தனி ஓட்டு, பட்டியலுக்குத் தனி ஓட்டு.

கட்டுரையைத் தொடங்கும் முன் ஒரு சனிக்கிழமை பிரீக்கினுக்குப் போய் ஓர் ஆட்டம் பார். வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடம் அந்த இரண்டு வருடத்தைப் பற்றிப் பேச்சுக் கொடு. அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு, முதல் வரியை அதன் பிறகு எழுது.

அன்புடன்,
மாமா