உலாவியையும் எடை போடுவோம்



மலேசியாவில் 1-8-2024 முதல் இ-இன்வாய்ஸ் படிப்படியாக அமலுக்கு வந்திருக்கிறது. அதற்கான மைஇன்வாய்ஸ் தளத்தை உலாவியில் திறக்கிறோம். அது மெதுவாக ஓடினால், தைப்பிங் கடைக்காரர் புதுக் கணினி வாங்க எண்ணுகிறார். பணம் போடுமுன் எடை போடுவது நலம்.

பெயரை மட்டும் நம்பலாகாது. விண்டோஸில் குரோம் உலாவி ‘பிளிங்க்’ எஞ்சினால் ஓடுகிறது. நம் நாட்டு ஐபோனிலோ, ஆப்பிள் விதிப்படி, அதே குரோம் ‘வெப்கிட்’ எஞ்சினால் ஓடுகிறது.

பொதுத் தராசு ஒன்று உண்டு. அது ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட், மொசில்லா நான்கும் கூடி 2024 மார்ச்சில் வெளியிட்ட ‘ஸ்பீடோமீட்டர் 3’. எண் உயர்ந்தால் வேகம் அதிகம். ஒரே கணினியில் இரண்டு உலாவிகளை மும்முறை சோதியுங்கள்; உலாவியின் தரம் தெரியும். வெவ்வேறு கணினிகளில் சோதித்தால் இயந்திரத்தின் பலமும் கலந்துவிடும். இணைய லைனின் வேகத்தை இத்தராசு காட்டாது. அதைத் தனியே பார்த்துக்கொள்ளுங்கள்.