வீட்டுப் பணிப்பெண்ணும் கடைக்காரர் கடமையும்



பேட்டையில் கடை வைத்திருக்கும் நமக்கு, சுற்றியுள்ள வீடுகளின் நிலைமை அவ்வீட்டாரின் உறவினரைவிட நன்றாகத் தெரியும். எந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, எந்த வீட்டில் கடன் ஏறுகிறது என்பதைப் பற்றுப் புத்தகமே சொல்லிவிடும். அவ்வீடுகளிலிருந்து சாமான் வாங்க வருபவர் பெரும்பாலும் பணிப்பெண். இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், மியன்மார் முதலிய தேசங்களிலிருந்து சிங்கப்பூருக்குப் பிழைக்க வந்தவர். எஜமானரிடம் அடி உதை பட்ட அத்தகைய பெண்ணுக்கு நாம் எவ்வாறு துணை நிற்பது என்பதே இம்மாதப் பாடம்.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், என் கடைக்கு வாடிக்கையாக வரும் ஓர் இந்தோனேசியப் பெண்ணின் கன்னம் கன்றியிருந்தது. என்னவென்று கேட்டேன். "ஜாத்தோ, அபாங்" என்றாள். விழுந்துவிட்டேன் அண்ணே என்று பொருள். சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கலானேன். நல்ல வாடிக்கை வீடு போய்விடுமே என்ற எண்ணமும் இருந்தது; மறைப்பானேன்? சில வாரங்களில் அவள் வருவது நின்றுவிட்டது. எங்கே போனாள் என்று இன்றுவரை தெரியாது.

2016-ம் ஆண்டு ஜூலையில் சிங்கப்பூரில் 24 வயது மியன்மார்ப் பெண் ஒருத்தி எஜமானர் வீட்டில் அடிபட்டு இறந்தாள். வேலைக்கு வந்தபோது 39 கிலோ இருந்தவள், இறந்தபோது 24 கிலோ. இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு மருத்துவர் ஒருவர் முகத்துக் காயங்களைக் கண்டு கேட்டிருக்கிறார். அடிக்கடி விழுந்துவிடுவாள் என்று எஜமானி பதில் சொல்லிவிட்டார். 2021-ம் ஆண்டு ஜூனில் அந்த எஜமானிக்கு 30 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அது தமிழ்ப் பெயர் தாங்கிய வீடு என்பதையும் நாம் மறக்கலாகாது. இதைப் படித்தபோது என் கல்லாவுக்கு முன் கேட்ட "ஜாத்தோ" என்ற சொல்தான் என் காதில் ஒலித்தது.

ஆகையால் நாம் கற்க வேண்டியவை நான்கு.

ஒன்று: கேட்கும் முறை. எஜமானர் பக்கத்தில் இருக்கும்போது கேட்கக் கூடாது. தனியாக வரும்போது மெதுவாகக் கேளுங்கள். கோபத்தில் அவ்வீட்டாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இரவு அவ்வீட்டுக்கே அவள் திரும்ப வேண்டும். உயிருக்கு ஆபத்தென்றால் உடனே போலீசுக்கு 999. மற்றபடி மனிதவள அமைச்சு இருக்கிறது. தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் 2016-ல் வீட்டுப் பணியாளர்களுக்கென ஏற்படுத்திய நிலையம் இருக்கிறது. புகலிடம் நடத்தும் 'ஹோம்' என்னும் அமைப்பும் இருக்கிறது. வழிகளைச் சொல்லுங்கள்; முடிவு அவளுடையதாக இருக்கட்டும்.

இரண்டு: வெளியேறிய பின் வரும் கஷ்டம். அவளுடைய வேலை அனுமதி எஜமானரின் பெயரோடு கட்டுண்டது. வீட்டை விட்டு வெளியேறும் அன்றே படுக்கையும் போகிறது, சம்பளமும் போகிறது. விசாரணை முடியப் பல மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் ஆகும். சிலருக்கு வேறிடத்தில் வேலை செய்ய அனுமதி கிடைக்கும். கிடைக்காதவர்கள் புகலிடத்தில் காத்திருப்பார்கள். ஊரில் பிள்ளைகள் பணத்துக்குக் காத்திருப்பார்கள். அரிசி, எண்ணெய், சவர்க்காரம், தாயோடு பேசத் தொலைபேசிக் கட்டணம் ஆகியவை நம் கடையிலேயே உள்ளவைதானே! கொடுக்கும்போது கதை கேட்காதீர்கள், படம் பிடிக்காதீர்கள், தங்குமிடத்தை ஒருவருக்கும் சொல்லாதீர்கள்.

மூன்று: கணக்கு. கொடாத சம்பளம் தருமமன்று, கடன். கூலியைத் தாமதிப்பது அநீதி என்று மத்ரஸாவில் சிறு பிராயத்திலேயே கற்றோம். சம்பள மாதம் முடிந்த 7 நாளுக்குள் கொடுக்க வேண்டுமென்பது சட்டம். பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று எஜமானர் அவள் பணத்தைப் பிடித்து வைப்பதும் 2019 முதல் கூடாது. ஆனால் ஏஜெண்டுக் கடனுக்கு எத்தனை மாதம் பிடித்தார்கள், பாக்கி எவ்வளவு என்பது பல பெண்களுக்குத் தெரிவதில்லை. பேரேடு எழுதத் தெரிந்த நாம் அவள் அருகில் உட்கார்ந்து, சேர்ந்த தேதி, பேசிய சம்பளம், கைக்கு வந்தது, வராதது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். அந்தத் தாள் அவள் வழக்குக்குப் பெருந்துணை.

நான்கு, கடினமானது: அடித்தவர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவராக இருந்தால்? "குடும்ப மானம் போய்விடும், டிக்கெட் எடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவோம்" என்று சமரசம் பேச வருவார்கள். பார்வைக்கு இது இரக்கம். ஆனால் அவள் விமானம் ஏறினால் சாட்சி போகும், பாக்கிச் சம்பளம் போகும், நஷ்டஈட்டுக்கு வழியும் அடைபடும். அடுத்து வரும் பெண்ணும் அதே வீட்டில் அகப்படுவாள். அத்தகைய சமரசத்துக்கு நாம் நடுவராக உட்காரலாகாது.

நம் வீட்டிலும் பார்த்துக்கொள்வோம். 2023 முதல் மாதம் ஒரு நாளாவது பணிப்பெண்ணுக்கு ஓய்வு கொடுத்தே ஆகவேண்டும். அந்த ஒரு நாளுக்குப் பதிலாகப் பணம் கொடுத்துத் தீர்க்க முடியாது. அந்நாளில்தான் அவள் பிறரைக் காண்பாள்; பிறரும் அவள் முகத்தைக் காண்பார்கள்.

உதவி கிடைக்கும் இடங்களின் தொலைபேசி எண்களை மலாயில் எழுதி என் கல்லாவின் அருகே இப்போது ஒட்டி வைத்திருக்கிறேன். சகோதரர்களும் அவ்விதம் செய்வார்களாக. "ஜாத்தோ" என்ற சொல்லை மறுபடி கேட்க நேர்ந்தால், அடுத்த வாடிக்கைக்காரர் சற்றுக் காத்திருக்கட்டும்.