சிரிக்க வைத்தே புத்தி சொன்ன கலைவாணர்



வன்னியில் சொந்தபந்தம் இல்லாத லயம் நம் பக்கத்தில் குறைவு. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டுப் போன குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் காடு வெட்டிக் குடியேறின. அப்படிப் போன ஒரு வீட்டு விசேஷத்துக்காக நாம் ஒருமுறை கிளிநொச்சிக்குப் போயிருந்தோம். அன்றிரவு பக்கத்துக் கோயில் திருவிழாவில் வில்லுப்பாட்டு.

கதைக்கு நடுவே ஒரு பகிடி. சம்பளத்தைத் தவறணையில் கொடுத்துவிட்டு வந்த ஒருவன், தன் வீட்டுக் கதவு இரண்டாகத் தெரிவதைப் பார்த்து, "நான் இல்லாத நேரத்தில வீட்டைப் பெருசா கட்டிட்டாளே" என்று மனைவியை மெச்சுகிறான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நம் பக்கத்தில் இருந்த அக்கா ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "இதையே நாங்க சொன்னா வீட்டில சண்டை. அவரு சொன்னா சிரிக்கிறாங்க. சிரிச்சிட்டுப் போய்ப் படுத்துக்கிட்டு யோசிப்பாங்க."

அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு ஞாபகம் வந்தவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். இம்முறை அவருடைய வாழ்க்கையைப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

யார் இவர்?

1908 நவம்பர் 29-இல் நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒழுகினசேரியில் ஏழை வீட்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே படிப்பு நின்றது. நாடகக் கொட்டகையில் சோடா விற்ற பையன், பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் நடிகனாகச் சேர்ந்தார். 1936-இல் வந்த 'சதி லீலாவதி' படத்திலும் நடித்தார். இந்தப் படத்துக்கும் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. குடியால் கெட்ட கதாநாயகன் இலங்கைக்கு ஓடி வந்து தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்வதாகக் கதை போகும். நம் கண்டிச் சீமையில் பிறந்த எம்.ஜி.ஆருக்கும் அதுவே முதல் படம்.

பிறகு தன் மனைவி டி.ஏ. மதுரத்துடன் ஜோடியாக நடித்துப் பெரும் புகழ் பெற்றார். தன் நகைச்சுவைக் காட்சிகளைத் தானே யோசித்து அமைப்பார். யாரையும் புண்படுத்தாமல் சாதி ஏற்றத்தாழ்வையும் மூடநம்பிக்கையையும் குடியையும் கேலி செய்தார்.

கஷ்ட காலம்

1944 கடைசியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவரும் எம்.கே. தியாகராஜ பாகவதரும் கைதானார்கள். ஆயுள் தண்டனை கிடைத்தது. வெளியே மதுரம் மனம் தளராமல் மேல்முறையீட்டுக்காகப் பாடுபட்டார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-இல் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்து வந்தவர் மனம் கசந்து மூலையில் உட்காரவில்லை. திரும்பவும் மக்களைச் சிரிக்க வைக்கப் புறப்பட்டார்.

குடியும் படிப்பும்

1949-இல் 'நல்லதம்பி' வந்தது. கதை வசனம் சி.என். அண்ணாதுரை. மதுவிலக்கை மக்கள் மனதில் பதிய வைத்த படம் அது. அதில்தான் புகழ்பெற்ற 'கிந்தனார்' காலட்சேபம் வருகிறது. நந்தனார் சிதம்பரத்துக்குப் போக ஏங்கினார். கிந்தனாரோ, ஒதுக்கி வைக்கப்பட்ட ஓர் ஏழைப் பையன், படிப்புக்காகப் பட்டணம் போகிறான். படித்துப் பெரிய ஆளாகி ஊர் திரும்புகிறான். எழுத்து வாசிக்கத் தெரியாத சனத்துக்கும் இந்தக் கதை புரிந்தது.

காந்தியின் கதையையும் அவர் வில்லுப்பாட்டாக ஊர் ஊராகப் பாடினார். நம் நாட்டின் வடக்கில் வில்லிசைப் புலவர் சின்னமணி சிரிக்கச் சிரிக்கக் கதை சொன்னதைக் கேட்டவர்களுக்கு அந்தக் கலையின் பலம் தெரியும்.

கொடுத்த கை

உதவி என்று வந்தவரை அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ஆனால், ஊருக்கு வாரிக் கொடுத்தவர் கடைசிக் காலத்தில் பணக் கஷ்டப்பட்டார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1957 ஆகஸ்ட் 30-இல் 48 வயதில் காலமானார். 1969 ஜனவரியில் சென்னையில் அவருடைய சிலையை முதலமைச்சர் அண்ணாதுரை திறந்து வைத்தார். சில நாட்களில் அண்ணாவும் மறைந்தார்.

நமக்கு என்ன பாடம்?

முதலாவது, குடிக்கிறவரைத் திட்டினால் அவர் காது அடைத்துப்போகும். நாமும் நலன்புரி வேலைக்கு வந்த புதிதில் சம்பள நாளில் லயம் லயமாகப் போய்ப் புத்தி சொன்னோம். எம்மைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். பிறகு பிள்ளைகளை வைத்து ஒரு சின்ன நாடகம் போட்டபோது அதே ஆட்கள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். எல்லோரும் குடியை விட்டுவிட்டார்கள் என்று சொல்லமாட்டோம். ஆனால் பேச்சுத் தொடங்கியது.

இரண்டாவது, சின்ன வயதில் படிப்பை விட்டவர்தான் மற்றப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று பாடினார். நாம் படிக்கவில்லை என்பது பிள்ளையை மறிக்கக் காரணம் ஆகாது.

மூன்றாவது, கொடுப்பது நல்லது. கையில் கொஞ்சம் சேமித்துக்கொண்டு கொடுப்பது இன்னும் நல்லது.

வீட்டில் பேசிப் பார்ப்போம்

1. நம் லயத்தில் எல்லோரையும் சிரிக்க வைக்கும் ஆள் யார்? அவரை நல்ல காரியத்துக்கு எப்படிச் சேர்த்துக்கொள்ளலாம்?
2. போன மாதச் சம்பளத்தில் தவறணைக்கு எவ்வளவு, பிள்ளையின் கொப்பிக்கு எவ்வளவு?
3. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளை நம் பக்கத்தில் யார்? யார் போய்ப் பேசுவது?

சிரித்துக்கொண்டே பேசுவோம். பேசியதைச் செய்தும் பார்ப்போம்.