திரும்பி வந்தபின் ஒரு பொருளைக் காணவில்லையா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு மகாவலி பெருகியபோது, பேராதனை, கெலிஓயாப் பகுதிகளில் பலர் கையில் அகப்பட்டதோடு வெளியேறினார்கள். மண்சரிவு பயத்தால் எழும்பியவர்களும் உண்டு. உங்கள் சாமான்கள் வீட்டிலிருந்து பாடசாலைக்கும், பிறகு உறவினர் வீட்டுக்கும், மறுபடி வீட்டுக்கும் என்று மூன்று தடவையாவது இடம் மாறியிருக்கும். பொதிகளை அவிழ்க்கும்போது ஏதாவது குறைந்தால் உடனே களவு என்று முடிவெடுக்காதீர்கள்.

குடும்பத்தார் எல்லோரும் உட்கார்ந்து, அந்தப் பொருளைக் கடைசியாக யார், எங்கே கண்டார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிள்ளைகளையும் கேளுங்கள். பெரியவர்கள் அவசரத்தில் கவனிக்காததை அவர்கள் கண்டிருக்கலாம். சாமான் ஏற்றிய லொறிக்காரரிடமும் விசாரியுங்கள். இடம் தந்த உறவினரிடம், “எங்கட பை ஒன்று உங்கட சாமானோடு கலந்திருக்கா, ஒருக்கா பாருங்க” என்று கேட்டால் போதும். அவர்களும் அந்த நாட்களில் நெருக்கடியில்தான் இருந்தார்கள். ஒரு கிரைண்டருக்காக அந்த வீட்டுக்குப் போக்குவரத்து நின்றுவிட வேண்டாம்.

பொருள் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது என்று நினைத்தால் கவனம். மண்சரிவு அபாயம் உள்ள இடமென்றால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனை முடியும்வரை அதை எடுக்க உள்ளே போகாதீர்கள். மழை பெய்யும் நாளில் போகவே வேண்டாம்.

ஆவணங்கள் என்றால் தேடிக்கொண்டே நாளைக் கடத்தாதீர்கள். அடையாள அட்டை தொலைந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை வாங்குங்கள். அந்தப் பிரதியோடு கிராம உத்தியோகத்தர் மூலம் ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கலாம். தோட்டத்தில் வசிப்பவர்களுக்குத் தோட்ட அத்தியட்சகரும் உறுதிப்படுத்துவார். பிறப்பு, திருமணச் சான்றிதழ்களின் பிரதிக்குப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். காணி உறுதி போய்விட்டது என்று கலங்க வேண்டாம். நொத்தாரிஸ் எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். அங்கே அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறலாம்.

நகை அடகுச் சீட்டு தொலைந்தால் அன்றைக்கே வங்கிக்குச் சொல்லுங்கள். நகை உங்கள் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் சீட்டு வேறொருவர் கையில் சிக்குமுன் வங்கி அறிந்திருக்க வேண்டும்.

முறைப்பாட்டில் எல்லா ஆவணங்களையும் ஒன்றும் விடாமல் சொல்லுங்கள். விடுபட்டால் மறுபடி அலைய நேரும். தமிழும் அரசகரும மொழி, ஆகவே தமிழில் பதியும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதினால், வாசித்து விளக்கச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்திடுங்கள். தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது, வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெள்ளம் கொண்டுவந்த பிறருடைய சாமான் உங்கள் வளவிலும் கிடக்கலாம். எரிவாயு சிலிண்டர், பாத்திரம், புத்தகப் பை எதுவானாலும் எடுத்து வைத்து, கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அதைத் தேடி யாரோ ஒருவர் வீடு வீடாகக் கேட்டு வந்துகொண்டிருப்பார்.