வெற்றி 9, தோல்வி 5

பூஜா தோமர் ஒரு சண்டை வீராங்கனை. உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்தவர். சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். தாய்தான் வளர்த்தார்.

பூஜா முதலில் வூஷு கற்றார். இது சீனாவின் தற்காப்புக் கலை. அதில் தேசிய சாம்பியன் ஆனார். பிறகு கலப்புச் சண்டைக்கு வந்தார். இதில் குத்தலாம், உதைக்கலாம், மல்யுத்தம் போல மடக்கலாம். பெங்களூருவிலும் இதைக் கற்றுத்தரும் பயிற்சிக் கூடங்கள் உண்டு.

ஒருவரின் சண்டைக் கணக்கை இரண்டு எண்களில் எழுதுவார்கள். முதல் எண் வெற்றி. அடுத்த எண் தோல்வி.

2017-இல் சிங்கப்பூர் வீராங்கனையிடம் பூஜா தோற்றார். 2020 ஜனவரியில் பாங்காக்கில் முதல் சுற்றிலேயே தோற்றார். ஆனாலும் பயிற்சியை விடவில்லை. 2023-இல் யூ.எஃப்.சி. என்னும் பெரிய அமைப்பு அவரை அழைத்தது. அப்போது கணக்கு 8–4.

2024 ஜூன் 8. அமெரிக்காவின் லூயிவில் நகரம். பூஜா பிரேசில் நாட்டுப் பெண்ணுடன் மோதினார். ஒரு சுற்றுக்கு 5 நிமிடம். 3 சுற்றுகளும் முடிந்தன. 3 நடுவர்களில் 2 பேர் பூஜாவே வென்றார் என்றனர். யூ.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். கணக்கு 9–4 ஆனது.

2025 மார்ச்சில் லண்டனில் மோதினார். எதிரி அவர் கையைப் பிடித்து மடக்கினார். பூஜா தோற்றார். கணக்கு 9–5.

தோல்வியை யாரும் கணக்கிலிருந்து அழிப்பதில்லை. அதன் பக்கத்திலேயே வெற்றியும் நிற்கிறது.

பயிற்சி
1. 9–5 என்றால் மொத்தம் எத்தனை சண்டைகள்?
2. 3 சுற்றுகளுக்கு எத்தனை நிமிடம்?
3. 2020-இல் தோற்றபின் பூஜா என்ன செய்தார்? எழுதுங்கள்.