அன்பும் எதிர்பார்ப்பும்

"ஆண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்", "பெண்ணுக்கு இதுதான் இயல்பு" என்னும் சொற்கள் வீடுதோறும் ஒலிக்கின்றன. காதலித்து மணந்தவராயினும், பெரியோர் பார்த்து மணமுடித்தவராயினும், தம்பதியரிடையே எழும் மனத்தாங்கல்கள் பலவற்றின் வேரில் இச்சொற்களே இருக்கின்றன. இவை இயற்கையின் விதிகளா, பழக்கத்தின் விளைவுகளா? கொல்லங்கோட்டின் பழைய வாழ்க்கைமுறை இதற்கு நல்ல பாடமாக அமைகிறது.

ஒரே ஊர், இரு முறைகள்

நெல்லியாம்பதி மலையடிவாரத்தில், பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டிற்கும் இடையே உள்ளது கொல்லங்கோடு. 1956-இல் கேரள மாநிலம் உருவாகும் வரை அது மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னையின் ஆட்சியில் இருந்தது. அங்கே தமிழ் அந்தணரின் அக்கிரகாரங்களும், நாயர் குடும்பங்களின் தறவாடுகளும் அருகருகே இருந்தன.

அக்கிரகாரத்தில் சொத்து தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. பெண் மணமானபின் கணவன் வீடு புகுந்தாள். பொருள் ஈட்டுவது கணவன் கடமை. இல்லம் காப்பது மனைவி கடமை. கணவன் இறந்தால் அவளுக்குக் கைம்மையே கதி.

தறவாட்டில் நிலைமை வேறு. அங்கே நிலவிய மருமக்கள்தாய முறையில் உரிமை தாய்வழியாக வந்தது. பெண் பிறந்த வீட்டிலேயே வாழ்ந்தாள். 'சம்பந்தம்' கொண்ட கணவன் பல குடும்பங்களில் இரவில் வந்து, காலையில் தன் தாய்வீடு திரும்பினான். சம்பந்தம் முறிந்தால் அவள் வேறு துணையை ஏற்கலாம். குழந்தைகளைக் காக்கும் பொறுப்பு தந்தையுடையதன்று, தாய்மாமனுடையது.

'குடும்பத்தைக் காப்பவனே ஆண்' என்று இரு தெருக்களும் நம்பின. ஒரு தெருவில் அவன் கணவன். மறு தெருவில் அவன் தமையன். ஒரு தெருவில் நெறி எனப்பட்டது, மறு தெருவில் வியப்புக்குரியதாயிற்று. இருசாராரும் தத்தம் வழக்கத்தையே இயல்பு என்று கருதினர்.

உளவியல் கூறுவது

அமெரிக்க உளவியலாளர் ஆலிஸ் ஈக்லி 1987-இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார். ஆண்களும் பெண்களும் செய்துவரும் தொழில்களைக் கண்டு, அவற்றிற்கேற்ற குணங்கள் அவர்களுக்குப் பிறவியிலேயே உள்ளன என்று சமூகம் முடிவுசெய்கிறது. பின்னர் அக்குணங்களையே அவர்களிடம் எதிர்பார்க்கிறது.

2009-இல் வெளியான ஓர் ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. பந்தை வாளிக்குள் எறியும் எளிய விளையாட்டில், பிறருடன் போட்டியிட விரும்புவோர் எத்தனை பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். தந்தைவழிச் சமூகமான தான்சானியாவின் மசாய் மக்களில் ஆண்கள் 50 விழுக்காட்டினரும் பெண்கள் 26 விழுக்காட்டினரும் போட்டியைத் தேர்ந்தனர். தாய்வழிச் சமூகமான மேகாலயத்தின் காசி மக்களில் பெண்கள் 54 விழுக்காடு, ஆண்கள் 39 விழுக்காடு. பிறவி இயல்பே இல்லை என்று இதனால் முடிவுகட்ட இயலாது. எனினும், இயல்பு எனப்படுவதில் வளர்ப்பின் பங்கு பெரிது என்பது தெளிவு.

மாற்றினால் போதுமா?

பொறுப்புகளை இடம் மாற்றிவிட்டால் துன்பம் தீருமா? தறவாடு 'இல்லை' என்கிறது. சொத்து பெண்வழி வந்தாலும் ஆட்சி காரணவர் என்னும் மூத்த ஆணிடமே இருந்தது. தந்தையரில் பலர் தம் மக்களுக்கு விருந்தினர் போலாயினர். சம்பந்தத்தைப் பதிவுசெய்ய 1896-இல் சட்டம் வந்தது. மிகச் சிலரே பதிவுசெய்தனர். 1933-இல் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் அதனை முறையான திருமணமாக ஏற்று, மனைவி மக்களைப் பேணும் பொறுப்பைக் கணவனுக்கு அளித்தது. எம்முறையாயினும், அதற்குள் வாழ்ந்தவரின் விருப்பத்தைக் கேட்டறியாதபோது அது சுமையாகவே முடிந்தது.

இன்றைய இல்லத்தில்

வேலையை இழந்த ஒரு கணவரின் நிலையைக் கருதலாம். 'சம்பாதிக்காதவன் ஆணா?' என்னும் எண்ணம் அவரை வாட்டுகிறது. செய்தியை மறைத்து, வழக்கம்போல் காலையில் பையுடன் புறப்படுகிறார். மனைவி அவர் முகவாட்டத்தைக் காண்கிறார். ஆயினும், 'கணவரின் வருமானத்தைக் கேட்பது மனைவிக்கு அழகன்று' என்று வாய் மூடியிருக்கிறார். 'அவளுக்கு அக்கறையில்லை' என்று அவர் வருந்துகிறார். 'அவருக்கு என்மேல் நம்பிக்கையில்லை' என்று இவர் வருந்துகிறார். இருவரும் தத்தம் கடமையில் தவறவில்லை. அன்பும் குறையவில்லை. ஆனால் ஒருவரையொருவர் அடைய வழியில்லை.

அன்பின் வடிவிலேயே வரும் தடையும் உண்டு. பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் ஆகியோர் 1996-இல் இதனைச் சுட்டிக்காட்டினர். 'பெண் மென்மையானவள், அவளைக் காக்க வேண்டும்' என்பது இனிய சொல்தான். ஆனால் அவளுடைய படிப்பையும் பணியையும் அவளைக் கேளாமலே முடிவுசெய்ய அதுவே காரணமாகிவிடுகிறது.

பயிற்சி

துணைவர்மீது சினம் எழும்போது, மனத்தில் ஓடும் வாக்கியத்தை ஒரு தாளில் எழுதுக. 'ஒரு மனைவி இதைத் தானாகப் புரிந்துகொள்ள வேண்டாமா?' என்று அது இருக்கலாம். 'ஒரு மனைவி' என்பதை அடித்துவிட்டு, அவருடைய பெயரை எழுதுக. 'இதை அவரிடம் நான் சொன்னேனா?' என்ற கேள்வி அப்போது தானே எழும்.

வீட்டு வேலைகளைப் பகிரும்போது, 'இது யாருடைய வேலை?' என்பதை விட்டு, 'யாருக்கு நேரமும் திறனும் உள்ளன?' என்று கேட்டுக்கொள்ளலாம். துணைவரின் நன்மைக்காக எடுக்கும் முடிவையும் அவரைக் கேட்டே எடுப்பது நலம். ஆனால் அச்சுறுத்தலாலும் அடியாலும் நிலைநாட்டப்படுவது எதிர்பார்ப்பு அன்று, கொடுமை. அதைப் பொறுத்துக்கொள்வது யாருடைய கடமையும் அன்று. உற்றாரின் உதவியையும் சட்டத்தின் உதவியையும் நாடுவதே முறை.

எதிர்பார்ப்பே இல்லாத இல்லறம் அரிது. எதிர்பார்ப்பதை வாய்விட்டுச் சொல்வதும், மற்றவர் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்பதும் எவருக்கும் இயலும். அன்பு அங்கிருந்தே தொடங்குகிறது.

சிந்தனைக்கு

1. 'ஆணுக்கு இயல்பு', 'பெண்ணுக்கு இயல்பு' என்று உங்கள் இல்லத்தில் வழங்குபவற்றுள் எவை வெறும் பழக்கம்?
2. துணைவர் சொல்லாமலே புரிந்துகொள்ள வேண்டும் என்று நீங்கள் காத்திருக்கும் செய்தி எது?